மூன்றாவது இடத்தில் வெள்ளைக் கல்

கட்டுமானப் பொருள் விற்கும் கடையில் பதினோரு வருடம் பில் போட்டவளுக்கு ஒரு மூட்டை கிழிந்ததில் பெயரே மாறிப்போனது. தோட்டத்தில் பரப்புவதற்காக வந்திறங்கிய கூழாங்கல் மூட்டை அது. தையல் விட்டு, கற்கள் அவள் காலடி வரை உருண்டு வந்தன. பொறுக்கக் குனிந்தவள், கை சும்மா இருக்க மாட்டாமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏழு கல்லை அடுக்கி மேசை ஓரத்தில் வைத்தாள். பெயின்ட் வாங்க வந்த ஒரு பல் மருத்துவர் பெயின்டை மறந்துவிட்டு அந்த அடுக்கைக் கேட்டார். காத்திருக்கும் அறையில் வைத்தால் நோயாளிகளுக்குப் படபடப்பு குறையுமாம்.

முதலாளிக்கு உடனே மூக்கில் வேர்த்துவிட்டது. "நாளையிலேருந்து பில்லை வேற ஆள் பாத்துக்கட்டும். நீ கல்லைப் பாரு" என்றார்.

அன்றிலிருந்து அவள் 'கூழாங்கல் அக்கா'. ஹோட்டல் வரவேற்பறை, அழகு நிலையம், வங்கி வாசலின் நீரூற்று என்று ஊரில் எங்கே திரும்பினாலும் அவள் கை அடுக்கிய கல் நின்றது. ஒரு கல் இன்னொன்றின்மேல் மூன்று இடத்தில் பட்டால் நிற்கும், இரண்டு இடத்தில் பட்டால் ஆடும் என்பது அவள் விரல்களுக்கு மனப்பாடம். கீழிருந்து மூன்றாவதாகத் தட்டையான வெள்ளைக் கல் ஒன்றை வைப்பாள். அதுதான் அவள் கையெழுத்து. சனிக்கிழமைதோறும் கடையின் பின்கட்டில் வகுப்பும் நடத்தினாள்.

அப்படி ஒரு வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, இதை முதல்ல ஆரம்பிச்சது யாரு?"

கூழாங்கல் அக்கா ஏழு வருடமாகக் கல்லோடு குடித்தனம் நடத்துகிறாள், இந்தக் கேள்வி மட்டும் தோன்றியதே இல்லை. மறுநாளே நூலகத்துக்குப் போனாள். புத்தகத்தைப் புரட்டப் புரட்ட அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலையும் வரைபடமும் வருவதற்கு வெகு காலம் முன்பே மனிதர்கள் கல்லைக் குவித்து வழி சொல்லியிருக்கிறார்கள். ஆடு மேய்த்தவர்கள் மலைமேல் குவித்திருக்கிறார்கள், கடலோடிகள் தூரத்திலிருந்து கரையை அடையாளம் காணக் குவித்திருக்கிறார்கள், பனிப் பிரதேசத்து வேட்டைக்காரர்கள் ஆள் நிற்பது போலவே நிறுத்தியிருக்கிறார்கள். செத்தவர்களைப் புதைத்த இடத்திலும் குவித்திருக்கிறார்கள். கற்குவை என்று அதற்கு ஒரு பெயரும் இருந்தது. அழகுக்கு அடுக்குவதெல்லாம் நேற்றைய பிறப்பு.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் இத்தனை நாள் பண்ணினது பொம்மைங்க. அசலை நான் கண்ணால பாத்ததே இல்ல. பாக்கணும்."

அவர் லிஃப்ட் மெக்கானிக். "உசரத்துக்குப் போகணும்னா பட்டனை அமுக்கிப் பழக்கப்பட்டவன் நான். என்னை நடக்கச் சொல்றியே" என்றார்.

அவருடைய தங்கைதான் கைகொடுத்தாள். மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். லீவு கிடைத்தால் மலையேறப் போய்விடுவாள். "அண்ணி, ஞாயித்துக்கிழமை கிளம்புங்க. மேல பாறைவெளி முழுக்க அதுதான். அண்ணனை நான் இழுத்துட்டு வரேன்."

ஞாயிறு விடிந்ததும் பஸ் பிடித்தார்கள். மூன்று மணி நேர ஏற்றத்துக்குப் பிறகு மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கியது. பாறையில் கால்தடம் பதியாது, ஆகவே பாதை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் முதல் கற்குவை நின்றது. இடுப்பளவு உயரம், நாலு பேர் சேர்ந்து உட்காரும் அகலம். கற்களெல்லாம் உள்பக்கம் சாய்ந்திருந்தன. இடுக்குகளில் சின்னச் சில்லுகள் ஆப்பு அடித்ததுபோல் இறுகியிருந்தன. மேலெல்லாம் சாம்பல் நிறமும் மஞ்சளுமாகப் பாசி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. அவளோ சுற்றிச் சுற்றி வந்தாள், தட்டிப் பார்த்தாள், தோளைக் கொடுத்துத் தள்ளியும் பார்த்தாள். அசையவில்லை. குழந்தை மாதிரி சிரித்தாள்.

"அண்ணி, இது முதல் கல்லுதான். இன்னும் முப்பது இருக்கு" என்றாள் நாத்தனார்.

பத்தாவதைத் தாண்டியபோது மூடுபனி இறங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்க் குன்று போனது, பிறகு வானம் போனது, பிறகு பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. வெண்மையின் நடுவே வலப்பக்கம் மங்கலாக ஓர் அடுக்கு தெரிந்தது.

"அதோ, அதுதான் வழி" என்று நாத்தனார் நடந்தாள்.

கிட்டே போனதும் கூழாங்கல் அக்கா குனிந்து பார்த்தாள். ஒல்லியாக, பெரிதிலிருந்து சிறிதாக ஏழு கற்கள். மூன்றாவது இடத்தில் தட்டையான வெள்ளைக் கல்.

"நில்லுங்க. இது என்னோடது."

"நீங்க இங்க வந்ததே இல்லியே அண்ணி."

"நான் கத்துக்குடுத்தது. என் வகுப்புல படிச்ச யாரோ போட்டோ எடுக்க அடுக்கியிருக்காங்க. பாரு, ஒரு கல்லுலயும் பாசி இல்ல. ஒரு மழையைக்கூடப் பாக்காத அடுக்கு இது. இதுக்கு வழி தெரியாது."

அதற்குள் அதே திசையில், சற்றுக் கீழேயிருந்து, ஓர் ஆணின் குரல் வந்தது. "யாராவது இருக்கீங்களா?" கூடவே ஒரு பெண்ணின் அழுகை. அந்த இருவரும் இதையும் சேர்த்து மூன்று அடுக்குகளை நம்பிப் போய், கால் வழுக்கும் சரிவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கூழாங்கல் அக்கா இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று மோதினாள். டக், டக், டக். பனிக்குள் அந்தச் சத்தம் கணீரென்று போனது.

"கீழ பாக்காதீங்க. எந்திரிக்காதீங்க. உக்காந்த மேனிக்கே இந்தச் சத்தத்தைப் பாத்து மேல நகருங்க."

கை ஓயாமல் தட்டினாள். கால் மணி நேரம் கழித்து, முழங்கை சிராய்த்து, முகம் வெளுத்து இருவரும் ஊர்ந்து வந்து அவள் காலடியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண் அவள் புடவை முந்தானையை விடவே இல்லை.

இப்போது ஐந்து பேர். பழைய கற்குவைக்குத் திரும்பி வந்து அவள் ஒரு யோசனை சொன்னாள். ஒருவர் கற்குவையைத் தொட்டபடி நிற்க வேண்டும். மற்றவர்கள் குரல் எட்டும் தூரம்வரை கைகோத்துப் போய் அடுத்ததைத் தேட வேண்டும். அதைத் தொட்ட பிறகுதான் நிற்பவர் கிளம்ப வேண்டும். பாசி படிந்ததை மட்டுமே நம்ப வேண்டும்.

நிற்கும் வேலையைக் கணவர் ஏற்றுக்கொண்டார். "பதினொண்ணாவது மாடி" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அடுத்ததில் "பன்னெண்டாவது மாடி". அழுதுகொண்டிருந்த பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபத்து மூன்றாவது மாடியில் தகரக் கூரை ஒன்று கண்ணுக்குத் தட்டுப்பட்டது. மலைக் காவலரின் குடில்.

காவலர் எல்லோருக்கும் போர்வை கொடுத்தார். கூழாங்கல் அக்கா போர்வையை வாங்காமல் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"சார், அந்தச் சரிவுப் பக்கம் இருக்கிற அடுக்கெல்லாம் என் வகுப்பு ஆளுங்க வேலை. தப்பு என்னோடது. பனி விலகினதும் நானே போய்க் கலைச்சிடறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு வருஷமா கலைச்சுக்கிட்டே இருக்கேன். என்னோடதுன்னு சொல்லிட்டு இதுவரைக்கும் ஒருத்தர்கூட வந்ததில்லம்மா. அடுக்கத் தெரியுமில்ல? மழைக்கு முன்னாடி பழசையெல்லாம் சரி பண்ணணும். ஆள் இல்லாம தவிக்கிறேன். வரீங்களா?"

"எப்ப வரணும்?" அவர் பேசி முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

பிற்பகலில் பனி விலகியதும், காவலர் துணைக்கு வர, மூன்று அடுக்குகளையும் பிரித்தாள். ஒவ்வொரு கல்லும் பிடுங்கப்பட்ட பள்ளத்தைத் தேடித் திரும்ப அதிலேயே வைத்தாள். பள்ளங்களில் புழு பூச்சிகள் குடியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தாள். அடுத்த சனிக்கிழமை வகுப்பு, கல்லை எங்கே அடுக்கக் கூடாது என்பதில்தான் தொடங்கியது. இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் யாரென்று கேட்கவில்லை. மலைக்கு வர ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அந்த இருவரும்தான் முதலில் கை தூக்கினார்கள்.

இரண்டு வாரம் கழித்துச் சரிந்துகிடந்த ஒரு கற்குவையை அவர்கள் கட்டினார்கள். ஏழு கல்லை ஏழு நிமிடத்தில் நிறுத்துபவளுக்கு இது நாலு மணி நேரம் பிடித்தது. நகம் இரண்டு பெயர்ந்தது. குட்டையாக, தொப்பையும் தொந்தியுமாக எழுந்து நின்றது. காவலர் பூட்ஸ் காலை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். பிறகு முழு பலத்தோடு இன்னொரு தள்ளு. அது நின்றது.

"பாக்கச் சகிக்கல" என்றார் கணவர், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

"ஆமாங்க" என்றாள் அவள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. அடுத்த குவியல் எங்கே சரிந்திருக்கிறது என்று காவலரைக் கேட்டுக்கொண்டே அவள் அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.