சாக்பீஸில் எழுதிய ‘முன்’

தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில் தங்கைதான் மெக்கானிக். அண்ணன் அளவெடுப்பான், துருத் தேய்ப்பான், பெயின்ட் அடிப்பான். மிச்ச நேரத்தில் தங்கையைப் பற்றிப் பெருமை அடிப்பான்.

“நாப்பது வருஷத்து வண்டியானாலும் என் தங்கச்சி கை பட்டா எந்திரிச்சு நிக்கும்!”

“போதும்ணே, அந்த ஸ்பேனர எடு” என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வரும்.

அந்த வாரம் பட்டறையில் நின்றது மாட்டு டாக்டரம்மாவின் பழைய ஜீப். ஓடையைக் கடந்து மேட்டுத் தொழுவங்களுக்குப் போகும்போதெல்லாம் அதன் வயிறு பாறையில் இடிக்கும். நான்காம் நாள் காலை அங்கே கன்றுகளுக்கு ஊசி போட வேண்டும். ஜீப் உயராவிட்டால் மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். ஸ்பிரிங்கில் இரும்புப் பட்டை மேல் பட்டை சேர்த்தால் போதும் என்றார்கள் மற்ற பட்டறைக்காரர்கள்.

“அப்புறம் வண்டி மரக்கட்டை மாதிரி விறைச்சுக்கும். பாட்டிலெல்லாம் தூளாயிடும்” என்று தங்கை மறுத்துவிட்டாள். ஆக்சிலுக்குக் கீழே கட்டியிருந்த ஸ்பிரிங் பட்டைகளை மேலே மாற்றிக் கட்டினால் வண்டி ஐந்து அங்குலம் எழும், பட்டையின் மென்மையும் கெடாது என்பது அவள் கணக்கு.

மூன்று நாள் ஆனது. ஆக்சில் மேல் பட்டை உட்காரப் புதுத் தாங்கிகளை வெல்டிங் வைத்தாள், பட்டைகளைப் பூட்டினாள். மூன்றாம் நாள் மதியம் தெருமுனை வரை ஓட்டிவிட்டுத் திரும்பியவள் முகத்தில் சிரிப்பில்லை.

“அண்ணே, நீ ஓட்டு. நான் பின்னாடி நின்னு பாக்குறேன்.”

ஜீப் தெருநாய் போல உடம்பை ஒருக்களித்துக்கொண்டு ஓடியது.

“இடது பின்சக்கரம் ரெண்டு விரக்கடை பின்னால நிக்குது. பட்டைய முன்பின்னா மாட்டிட்டேன்.”

பட்டையை ஆக்சிலில் பொருத்தும் நடுபோல்ட் நட்டநடுவில் இருக்காது. முன்பாதி கொஞ்சம் குட்டை; திருப்பி மாட்டினால் சக்கரம் பின்னுக்குப் போய்விடும். முனைகளோ பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

“சாக்பீஸ்ல ‘முன்’னு எழுதி வெச்சிருந்தேனே!”

பட்டைகளைத் துரு துளிகூட விடாமல் தேய்த்து, இரண்டு கோட் கறுப்பு பெயின்ட் அடித்தவன் அண்ணன்தான்.

“அது... அழுக்குன்னு நெனச்சேன்மா.”

“என் கையெழுத்து அழுக்கா! சின்ன வயசுல என் சிலேட்டையும் இப்படித்தான் கணக்கு முடிக்கிறதுக்குள்ள தொடச்சு வெப்ப.” அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “பளபளன்னு இருக்கேன்னு நானும் அளக்காம மாட்டினேன். ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம், சேர்ந்தே கழட்டுவோம், வா.”

டாக்டரம்மா வர மூன்று மணி நேரம் இருந்தது. ஜாக்கி ஏறியது, போல்ட்டுகள் கழன்றன, பட்டை திரும்பியது. கடைசி நட்டை இறுக்கியதும் அண்ணன் இரண்டு பக்கமும் டேப் பிடித்தான். ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

“ஏற ஏணி வேணும் போலிருக்கே!” என்றபடி ஏறிய டாக்டரம்மா தெருமுனை வரை போனார். ஜீப் நூல் பிடித்தாற்போல் ஓடியது.

மறுநாள் மாலை அவர் பட்டறை வாசலில் நிறுத்தியபோது சக்கரம் மட்டுமே நனைந்திருந்தது. “ஒரு பாட்டில்கூட உடையல. வயிறு எங்கயும் இடிக்கல” என்றார்.

“என் தங்கச்சி கை பட்டா...” என்று ஆரம்பித்தான் அண்ணன். கை மட்டும் வேலையை நிறுத்தவில்லை. அடுத்த வண்டியின் பட்டை முனையில், ‘முன்’ என்று ஆணியால் கீறிய தகரத் துண்டைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“அதுக்கும் பெயின்ட் அடிச்சிடாதண்ணே” என்றாள் தங்கை.