இரவல் போன மணல் வாளி

வீட்டில் நான் கண்ணாடிப் பாசிமணி செய்வது உங்களுக்குத் தெரியும். பழைய சைக்கிள் கம்பியில் களிமண் பூசி, உருகின கண்ணாடியை அதில் சுற்றுவேன். சில்லு தெறிக்கும் என்பதால் கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி, தீக்குப் பக்கத்தில் மணல் வாளி.

அடுத்த வீட்டு அண்ணாச்சி விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி போர்மேன். "எங்க கம்பெனியிலகூட இம்புட்டுப் பயம் கெடையாது டீச்சர்" என்று போன வாரம்தான் சிரித்தார்.

நேற்று அவரே வந்து வாளியையும் கண்ணாடியையும் இரவல் கேட்டார். மறுநாள் கம்பெனியில் பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷனாம்.

இன்று சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்தார். மணல் மேல் வெற்றிலை எச்சில்.

"வாளி அங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி" என்றேன்.

"வைக்க எடமில்ல டீச்சர். சீசன் லோடு அடுக்கியிருக்கு."

"நாப்பது பேரு வேலை பாக்காக. அத்தன பேருக்கும் ஒரு கண்ணாடி எப்படிப் பத்துச்சு?"

"அவுகளுக்கு எதுக்கு? மருந்து கலக்குற ரூமுக்குள்ள போறப்ப ஆபீசருக்குல்ல மாட்டிவிட்டோம். ரொம்பச் சந்தோசப்பட்டாரு."

ஆபீசர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரை நினைத்துக் கவலையில் இருந்தவர்கள் பின்னூட்டத்தில் கை தூக்குங்கள்.