ஐந்தாம் லெவல் ஜம்ப்

ஈரமான ரப்பர் விரிப்பு, யார் யாரோ கால் நுழைத்துக் கழற்றிய தோல் பூட்ஸ், எங்கோ ஒரு மூலையில் சூடாகிக்கொண்டிருக்கும் சீஸ், இவையெல்லாம் கலந்த ஒரு வாடை முதலில் வரும். அதன் பின்னாலேயே குளிர் வந்து முகத்தில் அறையும். கார் நிறுத்துமிடத்தின் தார் செருப்பில் ஒட்டுகிற டெக்சஸ் ஆகஸ்டில், ஒரு கண்ணாடிக் கதவைத் தள்ளினால் அந்தப் பக்கம் மார்கழி இருந்தது. நானும் என் தங்கை ஜெசியும் அந்தக் கதவைத் தள்ளிய சனிக்கிழமைகள் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருக்கும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவளுக்கு ஒன்பது.

வாப்பா ரிச்சர்ட்சனில் ஒரு தொலைபேசிக் கருவிக் கம்பெனியில் பொறியாளர். கீழக்கரையிலிருந்து நாங்கள் வந்து சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எங்கள் உம்மாவுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டிகளுக்கு உடைத்துக் கொட்டுகிற ஐஸ்தான். அதனால் அந்த ஸ்கேட்டிங் அரங்கத்துக்கு அவர் வைத்த பெயர் "ஐஸ் கம்பெனி". சனிக்கிழமை மதியம் சோறு உண்டு முடித்ததும், "ஐஸ் கம்பெனிக்கு நேரமாச்சு, கைச் சாக்ஸை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பார். கையுறை வாங்கித் தரவேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வாப்பாவின் பழைய ஆபீஸ் சாக்ஸைத்தான் நாங்கள் கைகளில் மாட்டிக்கொண்டு சறுக்கினோம். விழுந்து எழும்போது அது நனைந்து, விரல் நுனியில் தனியாகத் தொங்கும்.

இத்தனை வருடம் கழித்து இதை எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. அதைப் பிறகு சொல்கிறேன். போன வாரம் வந்த அந்த அழைப்புக்குப் பிறகு, தெரியாத எண் எது வந்தாலும் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

அந்த நாட்களில் எங்கள் வட்டத்தில் இருந்த ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சந்தித்துக்கொண்டால், பெரியவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க பொண்ணு என்ன கிளாஸ்ல சேர்ந்திருக்கா?" என்பதுதான். நீச்சல் கிளாஸ், கணக்கு கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை தமிழ் கிளாஸ், எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக சனிக்கிழமை காலை குர்ஆன் ஓதுகிற கிளாஸ். கிளாஸ் என்று சொன்னால் வாப்பா எத்தனை மைல் வேண்டுமானாலும் கார் ஓட்டுவார். விளையாட என்று சொன்னால், "வீட்டுலயே விளையாடலாமே" என்பார். கோபமில்லாமல் சொல்வார், அதனால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அந்த அரங்கத்துக்கு நான் ஒருமுறை போனேன். முழங்கால் இரண்டும் கன்றிப்போய் வீட்டுக்கு வந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். அங்கே உண்மையான ஸ்கேட்டிங் கிளாஸ் இருந்தது. ஆனால் அது சனிக்கிழமை காலை, சரியாக நாங்கள் ஓதப்போகும் நேரம். மதியம் எல்லோருக்கும் திறந்துவிடுகிற பொது நேரம். வாப்பாவிடம் போய், "மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்கேட்டிங் கிளாஸ், வாப்பா. ஜெசியையும் சேத்துக்குவாங்க" என்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சர்ட்டிஃபிகேட் குடுப்பாங்களா?"

"லெவல் லெவலா குடுப்பாங்க" என்றேன். அரங்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒன்றிலிருந்து எட்டு வரை லெவல்கள் எழுதியிருந்ததைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான்.

வாப்பாவுக்குச் சைனஸ் தொந்தரவு. எங்களை வாசலில் இறக்கிவிட்டு வாரச் சாமான் வாங்கப் போய்விடுவார், உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை. அந்த இரண்டு மணி நேரம் எங்களைப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் அதன் சுகம். முதல் மாதம் ஜெசி என் ஜாக்கெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் பின்னால் பாரம் இல்லாததுபோல் இருக்கவே திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி, சாக்ஸ் மாட்டிய கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி, தனியாக வந்துகொண்டிருந்தாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு நான் அவளிடம் அதிகம் பார்த்ததில்லை. எந்த வாத்தியாரும் எங்களுக்கு எதையும் சொல்லித் தரவில்லை. மற்றவர்களின் காலைப் பார்த்து, விழுந்து, ஒருவரையொருவர் இழுத்துத் தூக்கிவிட்டு, வளைவில் திரும்பக் கற்றோம், நிற்கக் கற்றோம். குதிக்க மட்டும் கற்கவில்லை. அதற்கான தைரியம் இருவருக்குமே இல்லை.

வீட்டில் பொய் வளர்ந்துகொண்டு போனது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உம்மா, "இப்ப என்ன லெவலு?" என்று கேட்பார். ஏதாவது சொல்லவேண்டும். சர்ட்டிஃபிகேட் எங்கே என்று வாப்பா கேட்டால், கடைசியில் மொத்தமாகத்தான் தருவார்களாம் என்பேன். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் விருந்தாளி வந்தால் பிள்ளைகளைக் கூப்பிட்டு எதையாவது செய்துகாட்டச் சொல்வது வழக்கம். "அங்கிளுக்கு ஒரு பாட்டுப் பாடிக் காட்டு", "ஆன்ட்டிக்கு யாசீன்ல நாலு வரி ஓதிக் காட்டு". எனக்கு அது அறவே பிடிக்காது. என்னை லெவல் இரண்டிலேயே நிறுத்திக்கொண்டால் என்னை யாரும் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, ஏறவேண்டிய லெவல்களையெல்லாம் ஜெசிக்குக் கொடுத்தேன். ஜெசி கூச்சமில்லாதவள், பாடச் சொன்னால் பாடுவாள், உம்மாவின் முகம் அவளைப் பார்த்து மலர்வதை விரும்பியவள். இரண்டாம் வருடக் கோடையில் அவள் லெவல் ஐந்து. "அஞ்சாம் லெவல்ல ஜம்ப் பண்ணுவாங்க உம்மா" என்று நான்தான் சொன்னேன். ஜெசி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் இருவரின் விளையாட்டு என்று நினைத்திருந்தாள்.

உம்மா அதை ஒரு விருந்தில் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை நான்கு குடும்பங்கள் மூன்று கார்களில் வந்து இறங்கின. ஒரு தூக்கில் சமோசா, பெரிய ஃபிளாஸ்கில் தேநீர். வெளியே நூறு டிகிரி கொதிக்க, எங்கோ பெட்டிக்கடியில் கிடந்த மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு அங்கிள்மார்கள் மரப்படிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சைனஸை மறந்து வாப்பாவும் வந்திருந்தார்.

"எங்கம்மா உங்க மாஸ்டரு?" என்று ஹமீது அங்கிள் கேட்டார். கூட்டத்தைக் கவனிப்பதற்காக விசிலோடு சுற்றிவரும் சிவப்பு ஜாக்கெட் பையனைக் காட்டினேன். அங்கிள் எழுந்து அவனுக்குக் கையசைத்தார். அவனும் கையசைத்தான். "நல்ல பையனா இருக்கான். ஆனா ரொம்பச் சின்ன வயசு" என்று உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

நாங்கள் இரண்டு சுற்று வந்தோம். எல்லோரும் கைதட்டினார்கள். அதோடு முடிந்திருக்கலாம். உம்மா தடுப்பு ஓரம் வந்து, "ஜெசி, அந்த ஜம்பை ஆன்ட்டிக்குக் காட்டு புள்ள" என்றார். ஜெசி தலையை ஆட்டி மறுத்தாள். "ஒரே ஒரு தடவை. ஆன்ட்டி இதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்காங்க." மறுபடி மறுத்தாள். மூன்றாம் முறை உம்மா கேட்டபோது அவள் உம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கால் வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், தலைவலி என்று சொல்லியிருக்கலாம். நான் தலையை அசைத்தேன். போ என்கிற மாதிரி, சின்னதாக.

அவள் வேகம் எடுத்துப் போய்க் குதித்தாள். ஒரு கணம் இரண்டு காலும் பனியைவிட்டு மேலே இருந்ததைப் பார்த்தேன். பிறகு இடது முழங்கை முதலில் வந்து மோதியது. அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை.

முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஒரு வருட இடைவெளியில் இரண்டு அறுவைச் சிகிச்சை நடந்தும் கை முழுவதும் நீளவில்லை. இன்றும் அந்த இடது கை சற்று மடங்கியேதான் இருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில், அவள் வலியில் முனகிக்கொண்டிருக்கையில், அவள் காதருகே நான் சொன்னது, "சொல்லிடாதே." அவள் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து வாப்பா, "அந்த மாஸ்டர்கிட்ட பேசணும். சின்னப் புள்ளைக்கு இப்படி ஜம்ப் சொல்லிக் குடுக்கலாமா?" என்று தொலைபேசியை எடுத்தார். எல்லாம் வெளிவரப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டி நின்றேன். உம்மா அவர் கையைப் பிடித்தார். "வேணாங்க. அவர் என்ன பண்ணுவார்? மாட்டேன்னு நின்ன புள்ளைய நான்தானே குதிக்கச் சொன்னேன்." வாப்பா தொலைபேசியை வைத்துவிட்டார். உம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதில் நான் தப்பித்தேன். அன்று எனக்கு வந்தது நிம்மதி என்பதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் ஐஸ் கம்பெனிக்குப் போகவில்லை.

இனி அந்த அழைப்பு. என் மகன் யூசுஃபுக்குப் பதினாறு வயது. பிளானோவில் ஒரு தேர்வுப் பயிற்சி கிளாஸுக்கு சனிக்கிழமைதோறும் தானே கார் ஓட்டிப் போவான். போன வாரம் சனிக்கிழமை, மழை பெய்துகொண்டிருந்த மதியம், போலீஸிடமிருந்து போன். டோல்வே நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் கார் வழுக்கித் தடுப்பில் மோதியிருக்கிறது. காயம் இல்லை. ஆனால் அவர்கள் சொன்ன வளைவு கிளாஸ் இருக்கும் பக்கமே இல்லை, இருபத்தைந்து மைல் தள்ளி. காரின் பின்னால் இரண்டு தூண்டில் கழிகள் இருந்தன. ஆறு வாரமாக அவன் கிளாஸுக்கே போகவில்லை, நண்பர்களோடு ஏரியில் மீன் பிடிக்கப் போயிருக்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் நான் கத்தித் தீர்த்தேன். கடைசியில் அவன் ஆங்கிலத்தில் ஒன்று கேட்டான்: "மீன் பிடிக்கப் போறேன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?"

வாப்பா இறந்து ஆறு வருடமாகிறது. அதுமுதல் உம்மா எங்களோடுதான் இருக்கிறார். அவர் அடுப்படியிலிருந்து வந்து அவனை மாடிக்கு அனுப்பினார். பிறகு என்னிடம் சொன்னார்: "அவனத் திட்டாதே. கிளாஸு கிளாஸுன்னு நாமதான் புள்ளைங்கள இந்த நெலமைக்குக் கொண்டுவந்து விடுறோம். நான் செய்யலையா? மூணு தடவை கேட்டேன் ஜெசிகிட்ட. ஆஸ்பத்திரியில உக்காந்தே நிய்யத்து வச்சேன். இனி எந்தப் புள்ளைகிட்டயும் எதையும் செஞ்சு காட்டுன்னு வாயத் திறக்க மாட்டேன்னு."

அந்தக் கோடைக்குப் பிறகு உம்மா ஜெசியைப் பாடச் சொன்னதில்லை, ஓதச் சொன்னதில்லை. என் பிள்ளைகளையும் விருந்தாளி முன்னால் கூப்பிட்டதில்லை. அமெரிக்கா வந்து உம்மா மாறிவிட்டார் என்று நான் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் சான் ஹோசேயில் இருக்கும் ஜெசியைக் கூப்பிட்டேன். உம்மாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். முதலில் சிரித்தாள். "இன்னும் அதையா வச்சுக்கிட்டிருக்கே ராத்தா? நான் எப்பவோ விட்டுட்டேன்." நிய்யத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"அதனாலயா என்னப் பாடச் சொல்லாம விட்டாங்க?" என்றாள். "கை கோணிப்போன புள்ளைய எப்படி நாலு பேர் முன்னால நிறுத்துறதுன்னு உம்மா வெக்கப்படுறாங்கன்னு நெனச்சேன். காலேஜ் போறவரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். அதான் பாட்டையே விட்டேன்."

என் பொய்யையும் ஜெசி நினைத்திருந்ததையும் அன்று மாலையே உம்மாவிடம் சொன்னேன். கிளாஸ் இல்லை, மாஸ்டர் இல்லை, லெவல் இல்லை, ஜெசிக்குக் குதிக்கவே தெரியாது, அது தெரிந்தும் தலையசைத்தவள் நான். இத்தனை வருடப் பாரத்தை இறக்கிவைக்கிறேன் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

"பொய் சொன்னே, சரி. பன்னெண்டு வயசு" என்றார் உம்மா. "ஆனா மாட்டேன்னவள மூணு தடவை கேட்டது நான்தானே. அது எப்படி உன்னோடது ஆவும்?" பிறகு, "அவ அப்படியா நெனச்சா? நான் வெக்கப்பட்டேன்னா?" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் அதையே நான்கைந்து முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் நான் ஆமாம் என்று சொல்லவேண்டியிருந்தது. போனில் பேசுங்கள் என்றதற்கு, "போன்ல பேசுற விஷயமா இது? டிக்கெட் போடு" என்றார். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வேணாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அவரை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காரை ஐஸ் கம்பெனி இருந்த பக்கம் ஓட்டினேன். அரங்கத்தை உள்ளே வைத்திருந்த மாலை இடித்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் வாடகைக்குப் பொருள் போட்டுவைக்கும் அறைகள், ஒரே மாதிரி ஆரஞ்சு நிறக் கதவுகள், சுற்றிலும் வேலி. அரங்கம் எந்த மூலையில் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கார் நிறுத்துமிடத்தின் சரிவை வைத்து யோசித்துப் பார்த்தேன், அதையும் சமப்படுத்தியிருந்தார்கள். எங்களோடு சறுக்கிய பிள்ளைகளில் ஒருவர் பெயர்கூட எனக்கு நினைவில்லை. இரண்டு சகோதரிகளை யாரும் பார்க்காமல் விட்டுவைத்த அந்த இரண்டு மணி நேரத்தை நான் நேராகக் கேட்டே வாங்கியிருக்கலாம். கொடுத்திருப்பார்களா என்பதை வாப்பாவிடம் இனிக் கேட்க முடியாது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உம்மா சான் ஹோசே போய்ச் சேர்ந்து மூன்று நாளாகிறது. இறங்கியதும் ஜெசி, "வந்துட்டாங்க" என்று ஒரு செய்தி அனுப்பினாள். அதற்குப் பிறகு இருவருமே என்னை அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.