ஒரே அண்டா வெந்நீர்

அரைப்பரீட்சை லீவுக்குக் கூடியிருக்கும் பிள்ளைகளின் எண்ணெய்த் தலைக்கு மனைவி அரப்பு இலைத்தூள் கரைக்கிறாள். வாசனை பட்டதும் ஐம்பது வயதை மறந்து துண்டோடு ஓடினேன். காரணம் இருக்கிறது.

நான் பள்ளியில் படித்த காலத்து டிசம்பர் லீவு. கொல்லிமலைக் குளிரில் அத்தை வீடு நிறையப் பிள்ளைகள். வெந்நீருக்கு ஒரே அண்டா. கைக்குச் சிக்கிய தலையிலெல்லாம் அத்தை அரப்பைத் தேய்ப்பாள். அன்று எனக்கு முன்னால் நின்றவனோடு அண்டா காலியானது. துவட்டும்போதுதான் அத்தை அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ யாரு ஊட்டுப் பையன் கண்ணு?"

"மொளகு விக்க வந்தவரு பையனுங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன சாமி?"

"சுடுதண்ணி நல்லாருந்துச்சுங்க."

அத்தை சிரித்துச் சிரித்து அடுப்பருகே உட்கார்ந்துவிட்டாள். நான் பச்சைத் தண்ணீரில் நடுங்கினேன். மறுநாள் அவன் தம்பியையும் கூட்டிவந்து எனக்கு முன்னால் நின்றான்.

அதனால்தான் இன்று வரிசையில் நான் முதல் ஆள். கதை தெரிந்த மனைவி சொம்பை நிறுத்திக் கேட்கிறாள்: "ஏனுங்க, நீங்க யாரு ஊட்டுப் பையன்?"