மடியில் உட்கார்ந்த அரைமணி நேரம்

என் தம்பிக்குக் காது குத்தியபோது எனக்கு ஒன்பது வயது. யார் யார் என்ன சீர் செய்தார்கள், யார் பந்தியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்பதையெல்லாம் அம்மா இன்றைக்கும் ஒன்றுவிடாமல் சொல்வாள். எனக்கு ஒரு போட்டோ மட்டும்தான் ஞாபகம். அது எடுக்கப்பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு, உலகத்தில் மாமாவால் முடியாத காரியம் எதுவும் இல்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலேயே தங்கி, தினமும் சைக்கிளில் திருவண்ணாமலைக்குப் போய் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். அதன் முதலாளி ஏழு வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து ஒரு டேப்ரெக்கார்டரையும் மணிக்கணக்கில் கூலி கொடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். ஊரில் கொத்தனாருக்கே நாள் கூலி இருந்தபோது, மாமாவுக்கு மட்டும் மணிக்கு ஐந்து ரூபாய். அதற்கும் ஒரு சட்டம் உண்டு. கேமரா தோளில் ஏறினால் மணி ஓடும், தோளை விட்டு இறங்கினால் நின்றுவிடும். சாப்பிடுகிற நேரம், பெண்ணுக்கு அலங்காரம் முடியும்வரை மண்டபத்து வாசலில் காத்திருக்கிற நேரம் எல்லாம் மாமாவின் சொந்த நேரம்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவுக்குச் செங்கம் பக்கத்தில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து காபியைக் குடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மாசம் இவ்ளோனு கைக்கு வருதுங்களா, இல்ல ஓடினா உண்டு ஓடலைனா இல்லையா?"

மாசச் சம்பளம் என்று பேசிவிட்டால் தை மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மாமாவை முதலாளியிடம் கேட்கச் சொல்லி நச்சரித்தாள். சும்மா போய்க் கேட்டால் நடக்காது, கையில் ஏதாவது வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்றார் மாமா. அந்த ஏதாவதுதான் தம்பியின் காதுகுத்துப் போட்டோ.

அப்பா அந்த ஸ்டுடியோவிலேயே போட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தார். முகூர்த்த நாள். ஸ்டுடியோவில் இருந்த இன்னொரு ஆள் கல்யாணத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவேண்டிய போட்டோகிராபர், மாமா. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனும் அவரே. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் வீட்டில் எந்தக் காதும் குத்தப்பட்டதில்லை. கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று அப்பா சொன்னார். மாமா சிரித்துக்கொண்டார்.

விடியற்காலையில் மொட்டை என்பதால் முதல் நாள் சாயங்காலமே கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது எங்கள் வீட்டில் தூங்குவதற்குக் கூலி கிடையாது என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தாராம். கேமராவின் முகத்தில் ஒரு குட்டி நெம்பு இருந்தது. அதைக் கீழே திருப்பிவிட்டுப் பொத்தானை அமுக்கினால், கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே அது மெல்ல மேலே ஏறும். ஏறி முடித்ததும் தானாகவே க்ளிக் என்று படம் விழும். நான் வாயைப் பிளந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் முழுக்க ஒத்திகைதான். பிலிம் இல்லாத கேமரா ஸ்டாண்டில் நிற்கும். தம்பிக்குப் பதில் ஒரு தலையணை. காது குத்துகிற பத்தருக்குப் பதில் நான், கையில் விளக்குமாற்றுக் குச்சியோடு. மாமா நெம்பைத் திருப்பி, பொத்தானை அமுக்கி, ஆறே எட்டு வைத்துப் பாய்க்கு வந்து உட்கார்ந்து, தலையணையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவார். நான் குச்சியால் குத்துவேன். குச்சி தலையணையில் பட்டதும் க்ளிக் கேட்கும். ஒருமுறை சரியாக வந்தால் தற்செயல் எனலாம். பத்துப் பதினைந்து முறையும் அப்படியே வந்தது. மாமா கேமராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி என்று கேட்டதற்கு, அதுவாகச் சொல்லும் என்றார். கேமரா மாமாவோடு பேசுகிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் ஜமக்காளம் விரித்தார்கள். அதை நாலு தரம் இழுத்துப் போட வைத்தார் மாமா. பெரியவர்களுக்கெல்லாம் எரிச்சல். பின்னால் மலை முழுசாக வர வேண்டும் என்பது அவர் கணக்கு. தம்பியை மொட்டையடித்துச் சந்தனம் பூசி அம்மா கொண்டுவந்தாள். பத்தரிடம் மாமா மெதுவாகச் சொன்னார்.

"நான் தலைய ஆட்டினாதான் குத்தணும். அதுவரைக்கும் யார் சொன்னாலும் குத்தாதீங்க."

நெம்பைத் திருப்பிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார். கிர்ர் என்று சத்தம் வந்ததும், ஆள் இல்லாத கேமரா ஏன் கத்துகிறது என்று பெரியப்பா எழுந்து போய் அதன் கண்ணுக்குள் குனிந்து பார்த்தார். க்ளிக். அந்தப் படமும் கழுவி வந்தது. அதில் பெரியப்பாவின் மூக்கைத் தவிர வேறொன்றும் இல்லை. மாமா தலையை ஆட்டாததால் பத்தர் ஊசியைப் பிடித்தபடியே இருந்தார்.

இரண்டாவது தடவை பெரியப்பாவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாமா ஓடிவந்தார், உட்கார்ந்தார், தம்பியை வாங்கினார். வாய் மட்டும் என்னவோ முணுமுணுத்தது. தலை ஆடியது. ஊசி இறங்கியது. க்ளிக். அதற்குப் பிறகுதான் தம்பி வீறிட்டான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மலை பிளந்து சாமி வந்திருந்தால்கூட நான் அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பிலிம் வேலூர் லேபுக்குப் போய்த் திரும்பப் பத்து நாளாயிற்று. ஆல்பத்தை வாங்க அம்மா என்னையும் ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்குத்தான் மாமா மாசச் சம்பளம் கேட்பதாக ஏற்பாடு. அந்த ஒரு படத்தை மட்டும் தன் செலவில் பெரிதாகப் போட்டு முதலாளியின் முன்னால் வைத்தார்.

முதலாளி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஊசி காதில் பாதி இறங்கியிருக்கிறது. தம்பியின் முகத்தில் அழுகை இன்னும் வரவில்லை, வரப்போகிறது. சந்தன மொட்டைக்குப் பின்னால் மலை முழுசாக நிற்கிறது. நானும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மலையையே உள்ள கொண்டாந்துட்டியே," என்றார். பிறகு படத்தில் விரலை வைத்தார். "இது யாரு, நீதான? நீ இங்க உக்காந்திருக்க, கேமரா தோள்ல இல்ல. அரைமணி கம்மி பண்ணிக்கறேன்."

"படத்த நான்தான முதலாளி எடுத்தேன்," என்றார் மாமா.

முதலாளி கெட்டவர் இல்லை. எனக்கு மிட்டாய் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "நீ சொல்லு பாப்பா. அப்ப மாமா போட்டோ புடிச்சாரா, தம்பிய புடிச்சிருந்தாரா?" என்று கேட்டார்.

அந்த அதிசயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பத்து நாளாகத் துடித்துக்கொண்டிருந்தவள் நான்.

"தம்பியதான் புடிச்சிருந்தாரு. கேமரா தானாவே எடுத்துச்சு," என்றேன்.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டியா? அப்படின்னா கூலிய ஜப்பான்காரனுக்குத்தான் அனுப்பணும்."

மாமாவும் சிரித்தார். நான் பெருமையாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மாமா படத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா பின்னாலேயே போய், கேட்கவில்லையா என்றதற்கு, "இன்னொரு நாள் கேக்கறேன்கா," என்று மாமா சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. தை மாதம் செங்கத்துப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாயிற்று. படத்தை முதலாளி கண்ணாடி போட்டு வாசலில் மாட்டினார். அதைப் பார்த்துவிட்டே பலபேர் காதுகுத்துக்குப் போட்டோ சொல்ல வந்தார்கள். கூலி மணிக்கு ஐந்து ரூபாயாகவே இருந்தது. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டதற்குச் சம்பளம் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று அப்பா கேட்டார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

மாமா பிறகு அந்த வேலையை விட்டு, ஆசிரமத்துப் பக்கம் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்தார். கல்யாணமும் கொஞ்சம் தாமதமாக நடந்தது. போன வருஷம் என் மகளுக்குக் காது குத்தினோம். இப்போது தாய்மாமன் என் தம்பி. முதல் நாள், ஆல்பத்திலிருந்து எடுத்து எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பழைய படத்தின் முன்னால் நின்றுகொண்டு மாமாவைக் கேட்டான்.

"வாய் தொறந்திருக்கே மாமா. அழக்கூடாதுனு எங்கிட்ட ஏதோ சொல்றியா?"

எனக்குப் பதில் தெரியும் என்றுதான் நினைத்தேன். சமாதானம் சொல்கிறார், அல்லது அண்ணாமலையாரைக் கும்பிடுகிறார்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தின் அருகில் போய்ப் பார்த்தார்.

"உங்கிட்ட எங்கடா பேசறது? எண்ணிகிட்டிருக்கேன். எட்டுல பத்தருக்குத் தலையாட்டணும், ஒம்போதுல ஊசி, பத்துல படம் விழுந்துடும். இது பத்து."

தம்பி சிரித்தான். நான் படத்தில் இருந்த மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்த அந்த அரைமணியில் அவர் ஒரு நொடிகூட வேலையை விட்டு எழுந்திருக்கவில்லை. கேமரா தானாகவே எடுத்தது என்று சாட்சி சொன்னவள் நான்.