அப்பா தேர்ந்தெடுத்த துப்பாக்கிக் கட்டை

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், வளைகுடாவில் அவரோடு ஒரே அறையில் உண்டு உறங்கிய நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம். "படிச்சவ நீதானே, நீயே எழுது" என்று சித்தப்பா சொன்னதால் இந்தக் கட்டுரையை நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். அப்பாவும் அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா அறந்தாங்கிக்கு அருகே பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்ததால் பள்ளிக்குப் போகவில்லை. காரைக்குடியில் கதவும் நிலையும் செய்யும் பட்டறையில் வேலை பழகினார். பிறகு பஹ்ரைனுக்குப் போய், ஈசா டவுனில் வீடுகளுக்கு அலமாரி பொருத்தும் வேலை பார்த்தார். அந்தக் கம்பெனி மூடிவிடவே துபாய்க்கு மாறினார். அல் கூஸில் ஒரு மரப்பட்டறை. பல வருடம் தொழிலாளர் கேம்ப் சாப்பாடு, கேம்ப் கட்டில். ஃபேமிலி விசா கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். ஷார்ஜா ரோலாவில் ஒரு ஃப்ளாட்டை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்துகொண்டோம். அடுப்பு ஒன்றுதான். காலையில் அவர்கள், பிறகு நாங்கள்.

நம் உறவுகளில் சிலர், அப்பா ஒரு அரபிக்குத் துப்பாக்கியே செய்து கொடுத்தார் என்று சொல்லி வருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. கூடவே இருந்தவள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

பட்டறை முதலாளியை எல்லோரும் அர்பாப் என்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போவார். அவருடைய ரைஃபிளின் மரக்கட்டை, வண்டியிலிருந்து விழுந்து, கை பிடிக்கும் குறுகலான இடத்தில் விரிசல் விட்டுவிட்டது. இரும்புப் பகுதியைக் கழற்றித் தன் வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, கட்டையை மட்டும் பட்டறைக்குக் கொண்டுவந்தார். "மரம் உனக்குத் தெரியும். புதுசு நீயே பார்த்து எடு" என்று அப்பாவிடம் சொல்லி, ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு கேட்டலாக்கையும் கொடுத்தார்.

அது எங்கள் விசா முடியவிருந்த மாதம். அர்பாப் கையெழுத்துப் போட்டால்தான் புதுப்பிக்க முடியும். பலருடைய விசாவை அவர் அப்போது புதுப்பிக்காமல் விட்டிருந்தார். நாங்கள் ஊர் திரும்பினால் என் படிப்பு என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் பஸ் ஏறிப் படிக்கப் போன பெண் எங்கள் சொந்தத்தில் அதுவரை கிடையாது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அப்பா கேட்டலாக்கைப் பாயில் விரித்தார். நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார்.

"இது பிளாஸ்டிக்குப்பா. வெயிலு, மழை எதுவும் ஒண்ணும் பண்ணாதாம்."

"வேணாம் ஆத்தா. இந்த ஊரு வெயில்ல கன்னத்த வச்சா பொசுங்கிப் போயிரும்."

"இது வால்நட் மரம். படம் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, அலை அலையா!"

"அழகுதான். ஆனா கை பிடிக்கிற எடத்துல நாரு குறுக்க ஓடுது பாரு. பழைய கட்ட அங்கனதான் விட்டுருக்கு. நேரா ஓடுறதா ஒண்ணு சொல்லு."

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "இடது கைக்காரங்களுக்குன்னு தனியா போட்டிருக்குப்பா."

அப்பா சிரித்துவிட்டார். "இடது கையில துப்பாக்கி பிடிக்கிறவன் எவன்? திருப்பு, திருப்பு."

மறுவாரம் பட்டறையில் ஸ்டோர் பார்க்கும் குகன் அண்ணனோடு துப்பாக்கிச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். குகன் அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். கடையில் இருந்த கட்டைகளை அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாராம். நார் நேராக ஓடிய ஒரு வால்நட் கட்டையை எடுத்தார். கன்னம் வைக்க அதன் இடப்பக்கம் சற்று மேடாக இருந்தது. வலது கையால் சுடுபவருக்கு முகம் அங்கேதான் படியும். அர்பாபுக்குச் சுகமாக இருக்கும் என்று நினைத்தார். பழைய கட்டையின் நீளத்துக்கு அடிப்பக்கத்தை அறுத்து, எண்ணெய் ஏற்றிப் பளபளப்பாக்கினார். அர்பாப் வீட்டிலிருந்து வந்த இரும்பைக் கடைக்காரரே பொருத்திக் கொடுத்தார்.

அர்பாப் பட்டறை முற்றத்தில் குண்டில்லாத துப்பாக்கியைத் தூக்கினார். இடது தோளில் வைத்தார். மேடு இருந்த பக்கம் வெளியே நின்றது. அவர் முகம் வந்த பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஒருமுறை வைத்துப் பார்த்தார், இறக்கினார், வண்டியேறிப் போய்விட்டார்.

"அண்ணை, நார் எங்க ஓடுது எண்டெல்லாம் பாத்தனீங்கள். அந்தாள் எந்தக் கை எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே" என்றாராம் குகன் அண்ணன்.

"ஒரு பெரிய மனுசன்ட்ட போயி, நீங்க எந்தக் கைன்னு எப்படிய்யா கேக்குறது? அடிச்ச மாதிரி ஆயிராதா?"

அன்று வீட்டுக்கு வந்த அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். விவரத்தைக் கேட்டதும் அம்மாதான் சட்டென்று சொன்னார்கள்: "ஏங்க, உங்க மகளே பீச்சாங்கைதான். ஒவ்வொரு தடவையும் பென்சில வாங்கி சோத்துக் கைக்கு மாத்திவிட்டது நீங்கதான். வீட்டுலயே ஒண்ணு இருக்கையில, ஊருல இருக்காதா?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருக்கும் வந்தது. ஆனால் விசா கவலை போகவில்லை. மறுநாள் பழைய கட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான், அதன் வலப்பக்கம் மட்டும் மெருகு தேய்ந்திருந்தது அர்பாபின் கன்னம் பட்டுத்தான் என்று அவருக்கு விளங்கியது. முன்பே பார்த்திருக்கிறார், வண்டியில் உரசிய தேய்மானம் என்று விட்டுவிட்டார்.

யாரும் கூப்பிடாமலே அர்பாபைப் பார்க்கக் கிளம்பினார். அர்பாபோடு வழக்கமாகப் பேசும் தன்னுடைய அரைகுறை இந்தி இதற்குப் போதாது என்று பள்ளி விடுமுறையில் இருந்த என்னையும் அழைத்துப் போனார். ஆபீசில் அர்பாப் காவா என்னும் அரபுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் விசா தாள்கள் அவர் மேசையில்தான் கிடந்தன.

"சொல்லு ஆத்தா. கேக்காம எடுத்தது என் தப்புன்னு சொல்லு."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அர்பாப் என்னிடம், "மரத்தை இவ்வளவு விசாரித்தவர் என்னை ஏன் விசாரிக்கவில்லை?" என்று கேட்டார்.

"பெரியவங்கள அப்படிக் கேக்குறது எங்க ஊருல மரியாதை இல்லன்னு சொல்லு."

சொன்னேன். அர்பாப் கோப்பையை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சிறு வயதில் காய்ச்சலில் வலது கண் பார்வை மங்கிவிட்டதாம். துப்பாக்கி மட்டும் இடப்பக்கம். சாப்பாடு, கொடுப்பது, வாங்குவது எல்லாம் வலது கைதான். இடது கையை நீட்டினால் அவருடைய தாயார் அடிப்பாராம். "நீ கேட்க வெட்கப்பட்டாய், நான் சொல்ல வெட்கப்பட்டேன். பாவம், அந்தக் கட்டை என்ன செய்யும்?" என்றார்.

இடது கைக்கட்டையை வரவழைக்கலாம், அல்லது இதிலேயே மேட்டை இழைத்து இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கலாம் என்று அப்பா சொன்னார். அர்பாப் யோசிக்கவே இல்லை. "இழைத்துவிடு. என் மகனுக்கு வலது கை. அவனும் பிடிக்கட்டும். கலாஸ், முடிந்தது" என்றார். பிறகு எங்கள் தாள்களை இழுத்துக் கையெழுத்துப் போட்டு, அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "இவள் படிக்கட்டும். உனக்குப் பேச ஆள் வேண்டுமே."

பஸ்ஸில் அப்பா அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ரோலா வரும்வரை தடவிக்கொண்டே இருந்தார். வீட்டில் அதற்குப் பிறகு யாரும் என் பென்சிலைத் தொடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பை ஷார்ஜாவிலேயே முடித்தேன். ஊருக்கு வந்து பட்டம் பெற்ற நாளில், அப்பா லீவு போட்டு வந்து, புதுச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வந்த அப்பா, கடைசி மாதங்களிலும் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. பார்க்க வந்தவர்களுக்கு முதலில் நாற்காலி, பிறகு காபி, பிறகுதான் உடம்பைப் பற்றிய பேச்சு. சென்ற ஆண்டு அமைதியாகக் கண்மூடினார்.

அவரை விமானத்தில் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்த குகன் அண்ணனுக்கும், ரோலாவில் அவர் நோயோடு இருந்தபோது தங்கள் சமையல் நேரத்தை விட்டுக்கொடுத்துக் கஞ்சி வைக்க இடம் தந்த அந்தக் குடும்பத்துக்கும், ஆஸ்பத்திரியில் மாறி மாறி இருந்த சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும், தொலைபேசியில் அழைத்து அம்மாவுக்கு ஆறுதல் சொன்ன அர்பாபுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

உறவுகளுக்கு ஒரு சொல். உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்போடு நிற்கப் போகிற பெண் இருந்தால், நிறுத்துவதற்கு முன் என்னிடம் வந்து கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அவளைப் பள்ளியில் சேர்க்க நானே கூட வருகிறேன்.