தரையில் போல்ட்டு போட்ட நாற்காலி

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கடலைப் பார்த்தபடி ஒரு சாப்பாட்டுக் கடை. உள்ளே ஒரு மேசை, நான்கு இரும்பு நாற்காலிகள். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. நான் இரும்பில் உட்காருகிறேன். மேசை விளிம்பு வயிற்றை அழுத்துகிறது. பின்னால் தள்ளிப் பார்க்கிறேன், நாற்காலி நகரவில்லை. நான்கு காலையும் சிமெண்ட் தரையில் போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கிறார்கள்.

கடைக்காரர் சாம்பார் வாளியுடன் வருகிறார். "நகராது சார். பன்னெண்டு வருஷம் டூரிஸ்ட் கப்பல்ல, டைனிங் ஹால்ல பரிமாறினேன். அங்க எல்லா சேரும் இப்படித்தான்."

"கப்பல் ஆடும். இது தரைதானேங்க?"

"ஊர்ல எல்லாரும் இதையேதான் சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் சுனாமி வந்துச்சு. கூரை, அடுப்பு, பெஞ்சு எல்லாம் போயிடுச்சு. இது நாலும் அப்படியே இருந்துச்சு. உங்களுக்கு சௌகரியமா வேணும்னா பிளாஸ்டிக்ல உக்காருங்க சார்."

தட்டைத் தூக்கிக்கொண்டு மாறுகிறேன். காலை நீட்ட முடிகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தும் இவ்வளவு நேரம் வாசலிலேயே நின்ற ஓர் அம்மா, உப்பு வெள்ளையாகக் காய்ந்த கால்களுடன் என் இடத்துக்கு வருகிறார்.

"அக்காவுக்கு எப்பவும் அந்த சேர்தான்" என்கிறார் கடைக்காரர். "அன்னிக்கு அதைத்தான் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்தாங்க."

அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்து ஒரு முறை பலமாக ஆட்டிப் பார்க்கிறார். அது அசையவில்லை. அதன் பிறகுதான் உட்கார்ந்து, "சோறு போடுப்பா" என்கிறார்.